ஊரைத் தேடினால் ஆள் கிடைப்பார்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாருடைய பெயரால் இந்த அறக்கட்டளை நடக்கிறதோ, அவர் வாழ்நாளெல்லாம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவர். அவர் நினைவில் பேசுவதற்குப் பொருத்தமாக, தொலைந்துபோன உறவினர் ஒருவரைப் பத்திரங்களிலும் பதிவேடுகளிலும் தேடுவது எப்படி என்பதை எடுத்துக்கொண்டேன். ஏக்கம், வேர், தாய்மண் என்று இதைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் தாள்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஆகிய பழைய மாவட்டங்களில் எந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும். "எங்க பாட்டனோட அண்ணன் ஒருத்தர் அக்கரைக்குப் போனாராம். அப்புறம் தாக்கலே இல்லை." எந்த அக்கரை என்று கேட்டால் தெரியாது. கண்டியா, மோரீசா, நேட்டாலா, பினாங்கா, ரங்கூனா? கடலுக்கு அப்பால் அதே மனிதர் ஒரு பெரிய குடும்பத்தின் முதல் பெயராக இருக்கிறார். அவர்களிடம் எண் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, இறங்கிய தேதி இருக்கிறது, ஊர் இல்லை. நம்மிடம் ஊர் மட்டும் இருக்கிறது. இந்த இரண்டு பாதிகளையும் சேர்க்க முயன்ற பலரைப் பார்த்திருக்கிறேன். பெயரைப் பிடித்துக்கொண்டு தேடியவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஊரையும், கூடப் போனவர்களையும் தேடியவர்களுக்கு ஏதோ கிடைத்தது. இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை எடுத்துக்கொள்வோம். நம்மவர்கள் போன நாடுகளில் ஆவணம் ஒழுங்காக இருக்கும் இடங்களில் அது ஒன்று. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறையில் போய் நின்றது. 1866 இல் பொருளாதார நெருக்கடியால் ஆள் எடுப்பது நின்று, 1874 இல் மறுபடி தொடங்கி, 1911 ஜூலையில் முற்றாக முடிந்தது. இந்தக் காலத்தில் 384 பயணங்களில் 1,52,184 பேர் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். மற்றவர்கள் கல்கத்தாவில் ஏறியவர்கள். சென்னையில் ஏறியவர்கள் எல்லாரும் தமிழர் அல்லர். கோதாவரி, விசாகப்பட்டினம், கஞ்சம் பக்கத்துத் தெலுங்கர்களும் அதில் கணிசம்.

இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கைக்குழந்தைக்கும் எண் உண்டு. அந்தக் காலனி எண்தான் அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. தோட்டம் மாறினால் அந்த எண், கல்யாணம் பதிந்தால் அந்த எண், அங்கே பிறந்த பிள்ளையைப் பதியும்போது தாய் தகப்பன் எண், செத்தால் சாவுப் பதிவிலும் அதே எண். முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங் சம்பளம், ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாளியை விட்டுச் சொல்லாமல் போனால் அது குற்றம். ஆள் தப்பிவிடக் கூடாது என்பதற்காகவே அரசு இவ்வளவு கவனமாக எழுதி வைத்தது. கொள்ளுப்பேரன் படிப்பான் என்று எந்த எழுத்தரும் நினைத்து எழுதவில்லை. யாருக்காக, எதற்காக எழுதப்பட்டது என்று கேட்காமல் எந்தப் பதிவேட்டையும் திறக்காதீர்கள். அது தெரிந்தால்தான் எந்தப் பத்தியில் எழுத்தர் அக்கறை காட்டியிருப்பார், எதில் ஏனோதானோ என்று கிறுக்கியிருப்பார் என்பது புரியும்.

கப்பல் பட்டியலில் என்னென்ன இருக்கும்? எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம். டர்பன் ஆவணக் காப்பகத்தில் இந்தப் பேரேடுகள் இருக்கின்றன, கணினியிலும் ஏற்றப்பட்டிருக்கின்றன. இதில் எழுத்தருக்கு முக்கியம் எது? உயரமும் தழும்பும்தான். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமல்லவா? ஆகையால் இடது கன்னத்தில் மச்சம் என்றால் அதை நம்பலாம். வயது 30, 25, 20 என்று வட்டமாக இருந்தால் நம்ப வேண்டாம். தங்களுக்கே தெரியாத வயதை எழுத்தர் முகம் பார்த்துப் போட்டது அது.

பெயர் இன்னும் மோசம். வாயால் சொன்னதைத் தமிழ் அறியாத காதும், அரைகுறையாக அறிந்த காதும் ஆங்கிலத்தில் எழுதின. முனுசாமியும் முனியசாமியும் ஒரே எழுத்தாகிவிட்டார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். அதைவிடப் பெரிய சிக்கல், நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாதது. போனவரின் பெயரோ, அவருடைய தகப்பன் பெயரோ அங்கே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. இங்கே அண்ணன் வீட்டில் அதே காலத்தில் தலைமுறைக்கு ஒரு தலைப்பெழுத்து மாறிக்கொண்டே வந்தது. நான்கு தலைமுறைக்குப் பிறகு இரண்டு வீட்டுப் பெயர்களையும் பக்கத்தில் வைத்தால் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகாது. சாதிப் பத்தியிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய பட்டியல்களில் மலபார் என்று போட்டிருந்தால் கேரளத்தில் போய்த் தேடாதீர்கள். தமிழரை அப்படித்தான் குறித்தார்கள்.

பெயரைப் பொய்யாகக் கொடுத்தவர்களும் உண்டு. கடனுக்குப் பயந்து போனவன், அண்ணனோடு சண்டை போட்டுப் போனவன், கணவனை விட்டு ஓடிய பெண், இவர்கள் உண்மைப் பெயரைச் சொல்வார்கள் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்? தேடப்படக் கூடாது என்பதற்காகவே போனவர்கள் அவர்கள். இன்னொன்று, 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்குக் காட்டவேண்டிய கட்டாயம் ஆள் எடுக்கும் ஏஜெண்டுகளுக்கு இருந்தது. அதனால் கப்பலேறுமுன் தங்கவைக்கும் டிப்போவில் காத்திருந்த நாட்களிலேயே சில ஜோடிகள் சேர்ந்தன. பட்டியலில் கணவன் மனைவி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ஊரில் போய் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டால், "அவர் பெண்டாட்டி இங்கேயே இருந்து இங்கேயே செத்தாளே" என்பார்கள். தேடி வந்தவருக்கு அது சங்கடமான இடம். ஆனால் அதுவும் ஒரு தகவல்தான். சரியான வீட்டுக்கு வந்துவிட்டோம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இப்போது கூடப் போனவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். டர்பனிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். கொள்ளுத்தாத்தாவின் காலனி எண் கையில் இருந்தது. 1890களில் போனவர். பெயர் முனுசாமி, தகப்பன் சின்னசாமி, தாலுகா போளூர். கிராமத்தின் பெயரை எப்படிப் படித்தாலும் எந்த ஊரோடும் பொருந்தவில்லை. போளூர்ப் பக்கம் முனுசாமி இல்லாத தெரு ஏது? எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களையும் கொண்டுவாருங்கள் அம்மா என்றேன். "அவங்கெல்லாம் யாரோ, எனக்கு எதுக்கு?" என்றார். சொந்தத் தாத்தாவுக்காக அவ்வளவு தூரம் வந்தவரிடம் அடுத்த வீட்டுக்காரரைத் தேடச் சொன்னால் வருத்தம் வராதா?

பக்கங்கள் வந்தன. ஒரே தாலுகாவைச் சேர்ந்த நான்கு பேர் அடுத்தடுத்த எண்களில் இருந்தார்கள். ஊரிலிருந்து பெரும்பாலும் யாரும் தனியாகக் கிளம்பவில்லை. ஒரு பஞ்சத்தில், ஒரு தரகனின் பேச்சில், ஒரே தெருவிலிருந்து இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனார்கள். டிப்போவில் வரிசையாக நின்றார்கள். வரிசையாக எண் வாங்கினார்கள். அந்த நால்வரில் ஒருவருக்கு எதிரே எழுத்தர் ஊர்ப்பெயரைக் கொஞ்சம் தெளிவாக எழுதியிருந்தார். அதை வைத்து ஊரைப் பிடித்தோம்.

ஊரில் முனுசாமியைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கூடப் போன இன்னொருவரின் பங்காளி வீட்டில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. மூத்தவர் நேட்டாலுக்குப் போய் வெகுகாலம் தகவல் இல்லாததால் அவருடைய பங்கை இன்னார் அனுபவித்துவருவது என்று அதில் எழுதியிருந்தது. முனுசாமி கிடைத்தது அந்தப் பிரிவில் அல்ல, சக்குபந்தியில். நிலத்துக்கு நான்கெல்லை சொல்லும் இடத்தில், சின்னசாமி மகன் முனுசாமி வகையறா நிலத்துக்கு மேற்கு என்று ஒரு வரி. பத்திரம் எழுதியவருக்கு அது வெறும் எல்லை. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து வந்தவருக்கு அதுதான் முகவரி. எல்லை விவரத்தைச் சலிப்பில்லாமல் முழுசாக எழுதிய பத்திர எழுத்தர்கள் அனைவருக்கும் இந்த மேடையில் ஒரு வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வகையறாவின் வாரிசு ஒருவரைச் சந்தித்தோம். தொலைக்காட்சியில் காட்டுவதுபோலக் கட்டிக்கொண்டு அழுவதெல்லாம் நடக்கவில்லை. முதல் கேள்வி, "நிலத்துல பங்கு கேட்க வந்தீங்களாம்மா?" அந்தம்மா சிரித்துவிட்டார். இல்லை என்று உறுதியான பிறகுதான் காப்பி வந்தது. அந்தக் கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. 1872 இன் சாட்சியச் சட்டம், 108 ஆவது பிரிவில், ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி, கேள்விப்பட வேண்டியவர்களே கேள்விப்படவில்லை என்றால் அவர் உயிரோடிருக்கிறார் என்று நிரூபிக்கும் பொறுப்பை அப்படிச் சொல்பவர் மேல் வைத்தது. அக்கரைக்குப் போனவரின் பங்கு குறித்து முன்சீப் கோர்ட்டில் வழக்கு வந்தால், கடைசிக் கடிதம் எப்போது வந்தது, யார் கையில் பணம் கொடுத்தனுப்பினார் என்றெல்லாம் சாட்சிகள் கூண்டில் சொல்லியிருப்பார்கள். உறவைத் தேடுகிறவர்கள் வழக்குக் கட்டுகளைப் புரட்டுவதில்லை. சொத்துச் சண்டை நடந்த குடும்பத்தின் கதைதான் நன்றாகப் பதிவாகியிருக்கும். ஒற்றுமையாக வாழ்ந்தவர்களைப் பற்றித் தாளில் ஒன்றும் இருக்காது.

மாணவர்களுக்குச் செய்முறையாக ஒன்று சொல்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களுக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. முதலாவது ஆட்களின் பெயர் வாரியாக, இரண்டாவது சொத்து இருக்கும் ஊர் வாரியாக. 1908 பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து பற்றிய முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். எல்லாரும் முதல் அட்டவணையை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் இரண்டாவதில் தொடங்குங்கள். ஊரைப் பிடித்து, அந்த ஊரில் 1880 முதல் 1920 வரை நடந்த பிரிவினை, விடுதலைப் பத்திரங்களை மட்டும் பாருங்கள்.

அதற்கு முன் மாவட்டம் சரியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1890 இன் வட ஆர்க்காடு இன்று ஒரே மாவட்டம் அல்ல. 1911 இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது சில தாலுகாக்கள் பிரிந்தன. திருத்தணி 1960 இல் ஆந்திரத்திலிருந்து நம்மிடம் வந்தது. 1989 இல் திருவண்ணாமலையும் வேலூரும் தனித்தனி மாவட்டங்கள் ஆயின. 2019 இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒப்பந்தக்கூலியின் பேரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் 'நார்த் ஆர்க்காட்' என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்க்காடு நகரத்தில் ஆட்டோ பிடிக்கிறார்.

நிலம் உள்ளவன் கதை இது. போனவர்களில் மிகப் பலருக்கு நிலமே கிடையாது. பண்ணையாளாக இருந்தவன், 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் எல்லாவற்றையும் இழந்தவன், சேரியிலிருந்து கிளம்பியவன், இவர்களுடைய பெயர் எந்தப் பட்டாவிலும் இராது. பத்திரம் பேசுவது சொத்துள்ளவர்களைப் பற்றி மட்டும்தான் என்பதை இந்த வரலாற்றுத் துறை மாணவர்கள் மறக்கக் கூடாது. நிலமில்லாதவர்களை வேறு இடங்களில் தேட வேண்டும். கிறித்தவர்களாக இருந்தால் மிஷன் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடு. வட ஆர்க்காட்டில் ஸ்கடர் குடும்பத்தார் 1853 இல் தொடங்கிய ஆர்க்காடு மிஷனின் சபைகள் பல இன்றும் இருக்கின்றன. மற்றவர்களுக்கு, பண்ணைக்கார வீட்டுக் கணக்கு நோட்டில் கடன் பற்று எழுதிய பக்கம், திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கிய பட்டியல், குலதெய்வத்தின் பெயர். கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். தமிழ் மறந்த குடும்பங்கள்கூடத் தெய்வத்தை மறக்கவில்லை. நேட்டாலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளியன்று தீமிதிக்கிறார்கள். பாட்டி எந்தத் தெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார், எந்தத் தழையைப் படைத்தார், எதைச் சாப்பிட மறுத்தார் என்று விசாரித்தால் நான்கைந்து ஊர்களாகத் தேடலைச் சுருக்கிவிடலாம். சாதியைக் கேட்கக் கூச்சப்படுகிற ஆய்வாளரை நான் மதிக்கிறேன். ஆனால் எந்தத் தெரு என்று கேட்காமல் ஊரில் ஓரடி நகர முடியாது என்பதும் உண்மை.

கர்ணம் வீட்டுக் கணக்குகளைப் பற்றியும் கேட்பார்கள். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 இல் அரசு ஒழித்தது. ஒழிக்க வேண்டியவைதான். ஆனால் அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் இருந்த பழைய கட்டுகளில் எவ்வளவு தாலுகா அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது, எவ்வளவு கரையானுக்குப் போனது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எழும்பூரில் 1909 முதல் இருக்கும் ஆவணக் காப்பகத்தில் குடியேற்றம் தொடர்பான அரசு நடவடிக்கைக் கட்டுகள் இருக்கின்றன. அவை துறை வாரியாக, ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டவை. கூலியின் பெயரைச் சொல்லி அங்கே ஒன்றும் எடுக்க முடியாது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸில் 1834 முதல் நான்கரை லட்சம் பேருக்கு மேல் இறங்கினார்கள். அவர்களுடைய பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களிலிருந்து கூலிகளைப் புகைப்படமும் எடுத்தார்கள், கண்காணிப்பதற்காகத்தான். ஆனால் இன்று தன் முப்பாட்டனின் முகத்தைப் பார்க்க வாய்ப்புள்ள தமிழர்கள் அவர்கள். பிஜிக்குப் போன அறுபதாயிரத்துச் சொச்சம் பேரில் தென்னிந்தியர் 1903 முதல் போனவர்கள். ஆளுக்கொரு பாஸ் சுவா நகர ஆவணக் காப்பகத்தில் உண்டு. இலங்கைக்குப் போனவர்களுக்கு இந்த வகைப் பட்டியல் கிடையாது. கங்காணி கையில் போனார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகர டிக்கெட்டைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். ஆனால் 1948, 1949 குடியுரிமைச் சட்டங்களும் 1964 இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தமும் வேறு வகைத் தாள்களைக் குவித்தன. மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை பல வீடுகளில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. நாடு கடத்துவதற்காக எழுதியதும் குடும்ப வரலாறாகிவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம், தாள் இருந்தால் எப்படித் தேடுவது என்பது. தாளே இல்லாத ஓர் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் ஜப்பானியர் அதை முடித்தார்கள். அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் அவர்களில் ஏறத்தாழ 7000 பேர் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். பெயர், படைப்பிரிவு, வயது, நாள் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. லண்டனில் உட்கார்ந்துகொண்டு பேரன் தன் தாத்தாவின் கல்லறை எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிப்போன தமிழர்கள் அதில் பல்லாயிரம். அவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. வித்தியாசத்தைக் கவனியுங்கள். கைதிகளின் பெயரை எழுதியது ஜப்பானியரின் இரக்கம் அல்ல. கைதிகளுக்கு ஓர் அரசும், போருக்குப் பிறகு தேடி வந்து குழிகளைத் தோண்டிப் பெயர் பொருத்திய ஓர் அமைப்பும் இருந்தன. நம்மவர்களுக்கு எந்த அரசு போனது?

சயாமில் மாண்டவர்களுக்கு ஆவணம் என்றால் தப்பி வந்தவர்கள் சொன்னது மட்டும்தான். அங்கேயும் ஊரும் கூட்டாளியும் என்ற முறைதான் கைகொடுக்கும். இன்ன தோட்டத்திலிருந்து இத்தனை பேர், எங்கள் லயத்திலிருந்து இன்னார் இன்னார் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். தன் பெயரை மட்டும் சொன்னவர்களை நான் கேட்டதில்லை. அந்தத் தலைமுறை ஏறத்தாழ முடிந்துவிட்டது.

இந்திய அரசு 2008 இல் வேர்களைத் தேடித் தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசும் அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்துவந்து கோயிலும் அருங்காட்சியகமும் காட்டுகிறது. வரவேற்கிறேன். ஆனால் வருகிறவருக்கு மாமல்லபுரத்தைக் காட்டுவதைவிட அவர் கையில் இருக்கும் ஊர்ப்பெயரைப் படித்துக் கொடுப்பது பெரிய உதவி. நேட்டால், மொரீஷியஸ், பிஜிப் பட்டியல்களில் உள்ள சென்னை மாகாண ஊர்களை இன்றைய வருவாய்க் கிராமங்களோடு பொருத்தி, தாலுகா வாரியாகத் தமிழில் ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் தலைப்பட்டால் முடிகிற வேலைதான். எழுத்துக் குழப்பத்தைத் தீர்க்க உள்ளூர் ஆளின் காது வேண்டும். லண்டனிலோ டர்பனிலோ இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. இந்தத் துறை முதுகலை மாணவர்கள் ஆளுக்கொரு தாலுகா எடுத்துக்கொண்டால் போதும். போளூரைத் தொடங்கிவைத்திருக்கிறேன், என் குறிப்புகளைத் துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அவையில் இருக்கும் மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீடு இடிக்கும்போது பரணிலிருந்து பழைய பத்திரக் கட்டு இறங்கும். நிலம் விற்றாகிவிட்டது, இனி எதற்கு என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போடுவதற்கு முன் சக்குபந்தி வரை படியுங்கள். அக்கரை, கண்டி, நேட்டால், மோரீசு, பினாங்கு, ரங்கூன், இவற்றில் எந்தப் பெயர் கண்ணில் பட்டாலும் இந்தத் துறைக்கு ஒரு நகல் கொடுங்கள். அசலை நீங்களே வைத்துக்கொள்ளலாம். பங்கு கேட்டு யாரும் வரமாட்டார்கள்.